கணக்கு ஒர்க்புக்கை எந்த வேகத்தில் கொண்டுபோவது? வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டிலேயே பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு வகைப் புத்தகம் இருக்கும். பாடத்தை வரிசையாக நடத்திக்கொண்டு போகும் முதன்மைப் புத்தகம் ஒன்று. அதற்குத் துணையாக வாங்கிவைத்த பயிற்சிப் புத்தகம், அதாவது ஒர்க்புக், இன்னொன்று. சில வீடுகளில் இது மட்டும் மூன்று நான்கு இருக்கும். முதன்மைப் புத்தகத்தை எப்படி நடத்துவது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. துணைப் புத்தகத்தை எப்போது எடுப்பது, எவ்வளவு போடவைப்பது, எப்போது மூடிவைப்பது என்றுதான் யாரும் சொல்லித்தருவதில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் கணக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

துணைப் புத்தகம் கட்டாயம் வேண்டுமா?

வேண்டும் என்று இல்லை. பாடம் நடத்தி ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் பிள்ளை தடுமாறாமல் போடுகிறது என்றால் முதன்மைப் புத்தகமே போதும். வாங்குவதற்கு முன்னால், எதற்காக வாங்குகிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள். "கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிறான்", "கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ள வரவில்லை", "இவளுக்கு இன்னும் கடினமாக வேண்டும்" என்று ஏதாவது ஒன்று தெளிவாக வந்தால் வாங்கலாம். அந்த வாக்கியத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் வேகம் பற்றிய கேள்விகள் பாதிக்கு அந்த ஒரு வரியிலேயே பதில் கிடைக்கும்.

இன்று நடத்திய பாடத்தையே இன்று துணைப் புத்தகத்திலும் போடவைக்கணுமா?

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. நானும் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் செய்தேன். காலையில் கழித்தல் நடத்துவேன், அது முடிந்த கையோடு துணைப் புத்தகத்தில் "கழித்தல்: வாழ்க்கைக் கணக்குகள்" என்று தலைப்பு போட்ட பக்கத்தைத் திறந்து மூத்தவள் முன்னால் வைப்பேன். பத்துக் கணக்கும் மளமளவென்று முடியும், பத்தும் சரியாக இருக்கும், எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து அதே மாதிரிக் கணக்கு ஒன்றைத் தனித்தாளில் எழுதிக்கொடுத்தேன். "ஒரு பெட்டியில் 52 பென்சில்கள் இருந்தன, 17 பென்சில்கள் எடுத்துக் கொடுக்கப்பட்டன" என்கிற அளவுக்கு எளிமையானதுதான். அவள் தாளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "அம்மா, இது கூட்டலா கழித்தலா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அந்தப் பத்துக் கணக்கையும் படிக்கவே இல்லை. பக்கத்தின் தலைப்பு கழிக்கச் சொன்னது, கண்ணில் பட்ட இரண்டு எண்களை எடுத்துப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போயிருக்கிறாள். எதைச் செய்வது என்று முடிவெடுப்பதுதான் அந்தப் பக்கத்தின் வேலையே, அதை அவளுக்குப் பதிலாகத் தலைப்பு செய்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துணைப் புத்தகம் முதன்மைப் புத்தகத்தோடு சேர்ந்து நடப்பதில்லை, பின்னால்தான் வரும். முதன்மைப் புத்தகம் நீள் வகுத்தலில் இருக்கும்போது துணைப் புத்தகம் பெருக்கலில் இருக்கும். அப்படி வரும்போது பிள்ளை அதை மறக்க ஆரம்பித்திருக்கும், மறுபடி நினைவில் தேடி எடுக்கவேண்டியிருக்கும், அப்படித் தேடி எடுப்பதில்தான் அது மனதில் பதிகிறது. கலவையாக இருக்கும் பக்கங்களை முதலில் எடுப்பேன். தலைப்பு போட்ட பக்கம் என்றால் தலைப்பின் மேல் ஒரு தாள் துண்டை ஒட்டிவிடுவேன்.

இது என் வீட்டு அனுபவம் மட்டும் கிடையாது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே, பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தானே சோதித்து, மறதி முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் வருகிறது என்றும், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களில் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் பதிகிறது என்றும் காட்டினார். கணக்குக்கென்றே 2007இல் ரோரர், டெய்லர் என்கிற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று செய்துபார்த்தார்கள். வெவ்வேறு திட உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகைவகையாகப் பிரித்துப் போட்டது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சி நேரத்தில் பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63. அவர்கள் கல்லூரி மாணவர்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு இதே எண்கள் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிப் பக்கம் முழுக்கச் சரியாக வந்ததைப் பார்த்து நாம் அடைகிற நிம்மதியை நம்பக்கூடாது என்பதற்கு எனக்கு இது போதும்.

சரி, எவ்வளவு பின்னால் வரணும்?

புத்தகத்தின் வகையைப் பொறுத்தது. வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று கைப்பழக்கத்துக்கான புத்தகம் இரண்டு மூன்று வாரம் பின்னால் வந்தால் போதும். வாழ்க்கைக் கணக்குப் புத்தகம் ஒன்று இரண்டு மாதம் பின்னால். சவால் கணக்குகள், புதிர்கள் நிறைந்த புத்தகம் என்றால் நான் அரை வருடம், சில சமயம் ஒரு முழு வருடமே பின்னால் வைக்கிறேன். அதாவது நான்காம் வகுப்புப் பாடம் ஓடும்போது மூன்றாம் வகுப்புச் சவால் புத்தகம்.

இதைக் கேட்டதும் சிலர், பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கிறோமே என்று பதறுகிறார்கள். சவால் கணக்கில் பிள்ளை யோசிக்கவேண்டியது எந்த வழியில் போவது என்பதை. போன வாரம்தான் கற்றுக்கொண்ட பெருக்கலை அதற்குள் செய்யவேண்டியிருந்தால் மனம் முழுக்கப் பெருக்கலிலேயே செலவாகிவிடும், வழியை யோசிக்க மிச்சம் இருக்காது. கை தானாகப் பெருக்குகிற நிலை வந்த பிறகு அதே கணக்கைக் கொடுத்துப்பாருங்கள், பிள்ளையின் முகமே வேறு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. முதன்மைப் புத்தகப் பாடம் அன்றைக்குப் புரியவே இல்லை என்றால் துணைப் புத்தகத்தை அன்றே திறக்கலாம். ஆனால் புரியாத பிள்ளைக்கு மேலும் பத்துக் கணக்கைக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. முதல் கணக்கை நீங்களே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போட்டுக்காட்டுங்கள், இரண்டாவதைப் பிள்ளை போடட்டும், மூன்றாவதை மறுபடி நீங்கள். போட்டுக்காட்டிய கணக்கை நிதானமாகப் பார்ப்பது ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு நேரடியாகப் போட்டுப் பழகுவதைவிட உதவுகிறது என்று ஸ்வெல்லர், கூப்பர் இருவரும் 1985இல் இயற்கணிதத்தில் காட்டியிருக்கிறார்கள். அதுவும் போதாவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் குச்சி, பொத்தான், கட்டம் போட்ட தாள் என்று கையில் தொடக்கூடிய பொருளுக்குத் திரும்புங்கள். செய்து பார்ப்பது, படமாகப் பார்ப்பது, பிறகு எண்ணாக எழுதுவது என்கிற மூன்று படியை ஜெரோம் புரூனர் 1960களில் சொன்னார். சிங்கப்பூர்க் கணக்குப் புத்தகங்கள் அந்த வரிசையில் கட்டப்பட்டவைதான். துணைப் புத்தகங்கள் பெரும்பாலும் மூன்றாவது படியில் மட்டும் நிற்கின்றன, அதனால் முதல் படியில் தடுக்கியவனை அவற்றால் தூக்கிவிட முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை பக்கம்?

பக்கத்தை எண்ணாதீர்கள், நேரத்தை வையுங்கள். ஒரு பக்கத்தில் 6 கணக்கு இருக்கும், அடுத்த பக்கத்தில் 30 இருக்கும், இரண்டையும் "ஒரு பக்கம்" என்று சொன்னால் பிள்ளைக்கு அது அநியாயமாகத்தான் படும். என் கணக்கில் 6, 7 வயதுக்கு 10 நிமிடம், 8லிருந்து 10 வயது வரை 15 நிமிடம், அதற்கு மேல் 20. முதன்மைப் பாட நேரம் இதற்கு வெளியே. மணி ஆனதும் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கை முடித்துவிட்டு எழுந்துவிடலாம். நன்றாகப் போகிறதே என்று "இன்னும் ஒரே ஒரு பக்கம்" என்று நீட்டாதீர்கள், அப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாம் நாள் பிள்ளை வேண்டுமென்றே மெதுவாகப் போடும், என் சின்னவன் போட்டான்.

இருந்தாலும் வருடக் கணக்கு ஒன்று மனதில் இருப்பது நல்லது. 160 பக்கப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 36 வாரம் பாடம், வாரத்துக்கு 4 நாள். முதல் 3 வாரம் துணைப் புத்தகத்தைத் தொடவேண்டாம், ஏனென்றால் அது பின்னால் வரவேண்டும். மீதி 33 வாரம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதுப் பக்கம் எதுவும் இல்லாமல் பழைய தப்புகளை மட்டும் பார்க்கும் வாரம் என்று வைத்தால் 8 வாரம் போகும். மிச்சம் 25 வாரம், 100 நாள். 160 பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடுவீர்கள் (ஏன் என்று அடுத்து சொல்கிறேன்), அப்போது கிட்டத்தட்ட 107 பக்கம். நாளைக்கு ஒரு பக்கம் சொச்சம், அவ்வளவுதான். புத்தகத்தின் தடிமனைப் பார்த்து மிரண்டு நாளைக்கு நான்கு பக்கம் என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் மாதமே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

தினம் கொஞ்சம் என்பது பழைய வழிதான். 1954இல் ஜப்பானில் டோரு குமோன் என்கிற உயர்நிலைப் பள்ளிக் கணக்காசிரியர் தன் மகனுக்காகத் தினம் போட்டுப் பார்க்கப் பயிற்சித் தாள்களைத் தானே எழுத ஆரம்பித்தார், அதிலிருந்து வளர்ந்ததுதான் குமோன் முறை. அந்த முறையில் பிள்ளையைச் சிரமமில்லாமல் போடக்கூடிய இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். முறை முழுவதும் உங்களுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு பழக்கத்தைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாக் கணக்கையும் போட்டே ஆகணுமா?

வேண்டாம். புத்தகம் போட்டவர் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று தெரியாமல் எல்லாருக்கும் போதும்படி நிறைய வைத்திருக்கிறார். உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நீங்கள். நான் ஒற்றைப்படைக் கணக்குகளை மட்டும் முதலில் போடச் சொல்வேன். இரட்டைப்படைக் கணக்குகள் மிச்சம் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்துக்குத் திரும்பும்போது புதுப் புத்தகம் வாங்கவேண்டியதில்லை. சில புத்தகங்களில் எளிமையானவை எல்லாம் முன்னாலும் கடினமானவை எல்லாம் கடைசியிலும் இருக்கும், அங்கே மட்டும் ஒவ்வொரு வரிசையிலும் கடைசி இரண்டை எடுங்கள்.

எவ்வளவு சரியாக வந்தால் அடுத்த பக்கம் போகலாம்?

பெஞ்சமின் புளூம் 1968இல் முழுத்தேர்ச்சிக் கற்றல் என்ற வழியை முன்வைத்தார், ஒன்றை நன்றாகப் பிடித்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் நடத்துபவர்கள் பொதுவாக 80 முதல் 90 சதவீதத்தை அளவாக வைப்பார்கள். நல்ல அளவுதான், ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நகர்ந்தால் ஏமாந்துவிடுவோம்.

என் சின்னவன் போட்ட ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். மூன்று இலக்கக் கழித்தல், 20 கணக்கு, 16 சரி. அதாவது 80 சதவீதம். அடுத்த பக்கத்தைத் திருப்பக் கை போய்விட்டது, ஏதோ தோன்றி அந்த நான்கு தப்பை மட்டும் தனியாக எழுதிப்பார்த்தேன். அதில் ஒன்று 402இலிருந்து 178. அவன் எழுதியிருந்த விடை 376. மற்ற மூன்றிலும் நடுவில் பூஜ்ஜியம். சரியான 16இலும் ஒன்றில்கூட நடுவில் பூஜ்ஜியம் இல்லை. அவனிடம் 402ஐ மறுபடி எழுதிக்கொடுத்து, வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். "இரண்டிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கணும், பக்கத்தில் பூஜ்ஜியம், அதுகிட்ட ஒன்றும் இல்லையே அம்மா. அதனால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டேன்." 8இலிருந்து 2, 6. 7இலிருந்து 0, 7. 4இலிருந்து 1, 3. அதுதான் 376.

அவன் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. பூஜ்ஜியத்திடம் கடன் வாங்க முடியாது என்று அவனளவில் நியாயமாக யோசித்து, அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து, நான்கு இடத்திலும் ஒரே மாதிரி செய்திருக்கிறான். 80 சதவீதம் என்று நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தால் அந்த வழி அவனுக்குள் உறைந்திருக்கும். அன்றைக்குத் துணைப் புத்தகத்தை மூடிவிட்டோம். 100, 10, 1 என்று எழுதிய அட்டைத் துண்டுகளை வைத்து, ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றி, அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றி, நான்கு நாள் அதே வேலை. 402 என்பது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று அவனே சொன்ன பிறகுதான், விடை 224 என்று எழுதினான். அந்த 376ஐ 178உடன் கூட்டிப்பார்க்கச் சொன்னேன், 554 வந்தது, "402 வரணுமே" என்று அவனே சிரித்தான்.

ஆகவே தப்பின் எண்ணிக்கையைவிட அது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சிதறிய தப்பு என்றால் தொடரலாம். ஒரே மாதிரித் தப்பு இரண்டு வந்தாலே நின்றுவிடுங்கள், பக்கத்தில் மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும்.

எப்போது திருத்துவது?

உடனே. முடிந்தால் முதல் மூன்று கணக்கு முடிந்ததுமே ஒரு பார்வை. இரவில் உட்கார்ந்து மொத்தமாகத் திருத்தினால், காலையில் பிள்ளை அந்தத் தப்பான வழியில் 20 முறை போட்டுப் பழகியிருக்கும்.

வாய்ப்பாட்டுப் பயிற்சிப் புத்தகத்தை எப்படிக் கொண்டுபோவது?

இது மட்டும் தினமும் வேண்டும், ஆனால் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றிலிருந்து பத்து வரை வாய்ப்பாட்டில் 100 பெருக்கல் இருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 6×8ம் 8×6ம் ஒன்றுதானே, அப்படிச் சேர்த்தால் 55. ஒன்றாம் வாய்ப்பாட்டையும் பத்தாம் வாய்ப்பாட்டையும் எடுத்துவிட்டால் 36. பிள்ளைகளுக்கு இரண்டும் ஐந்தும் சீக்கிரம் வந்துவிடும், அவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் 21. இந்தக் கழித்தலைப் பிள்ளையை வைத்துக்கொண்டே கட்டத் தாளில் அடித்து அடித்துக் காட்டுங்கள். வாரத்துக்குப் புதிதாக இரண்டு என்றால் 11 வாரத்தில் முடிகிற வேலை. தினமும் அந்த இரண்டோடு பழைய பத்தைக் கலந்து கேளுங்கள். புத்தகம் "ஏழாம் வாய்ப்பாடு" என்று வரிசையாக 30 கணக்கு வைத்திருந்தால் அப்படியே போடவைக்காதீர்கள், ஐந்தாவது கணக்கில் பிள்ளை பெருக்குவதை நிறுத்திவிட்டு 7 7ஆகக் கூட்டிக்கொண்டு போகும்.

கடிகாரம் வைத்து வேகப் பயிற்சி செய்யலாமா?

சரியாக வருவது பழகிய பிறகு, பிள்ளை விரும்பினால் மட்டும். அதுவும் நேற்றைய தன் நேரத்தோடு இன்றைய நேரம், அக்காவின் நேரத்தோடு வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு விடை மனதில் வந்துவிட்டாலும் எழுதக் கை தாமதமாகும், அப்போது நீங்கள் அளப்பது கையெழுத்தின் வேகத்தை. வாயால் சொல்லச் சொல்லுங்கள். கடிகாரத்தைக் கண்டால் உதடு துடிக்கிற பிள்ளை என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

வாழ்க்கைக் கணக்குப் புத்தகம்?

வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு இரண்டே கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த புத்தக வகை இதுதான், வேகத்தால் மிகச் சுலபமாக வீணாவதும் இதுதான். ஒரு உதாரணம்: "அண்ணனிடமும் தம்பியிடமும் சேர்த்து 84 வில்லைகள் உள்ளன. அண்ணனிடம் தம்பியைவிட 12 அதிகம். தம்பியிடம் எத்தனை?" அவசரத்தில் இருக்கிற பிள்ளை "சேர்த்து" என்ற சொல்லையோ "அதிகம்" என்ற சொல்லையோ பிடித்துக்கொண்டு 96 என்று எழுதும். இல்லையென்றால் 72.

மெதுவாகப் போகிற பிள்ளையிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: எண்களைச் சொல்லாமல் கதையை மட்டும் உன் வார்த்தையில் சொல்லு. பிறகு பட்டையாக வரை. தம்பிக்கு ஒரு பட்டை, அண்ணனுக்கு அதே நீளப் பட்டையோடு 12 என்று ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டை விரலால் மறைத்தால் இரண்டு சமப் பட்டைகள், 84இலிருந்து 12 போனால் 72, பாதி 36. அண்ணனிடம் 48. விடை வந்த பிறகு 36ஐயும் 48ஐயும் கூட்டிப் பார்க்கணும், இடையில் 12 வித்தியாசம் இருக்கிறதா என்றும் பார்க்கணும். இதற்கே பத்து நிமிடம் போய்விடும், போகட்டும். அதே கணக்கில் 84ஐ மாற்றி, பிள்ளையையே ஒரு கணக்கு எழுதச் சொல்லுங்கள். 85 என்று மாற்றினால் என்ன ஆகும் என்று என் மூத்தவள் ஒருமுறை கேட்டாள், அந்தக் கேள்வியில் மீதி நேரம் முழுக்கப் போனது, புத்தகத்தில் அன்று முடிந்தது ஒரே கணக்கு. என் கண்ணுக்கு அந்த வருடத்தின் மிக நல்ல கணக்கு வகுப்பு அதுதான்.

சவால் கணக்கில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் விடுவது?

15 நிமிடம். அதற்குள் வரவில்லை என்றால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மூடிவிடுங்கள், விடைப் பக்கத்தைத் திறக்காதீர்கள். அடுத்த வாரம் மறுபடி அதே கணக்கு. மூன்று புள்ளி விழுந்த பிறகு சேர்ந்து உட்கார்ந்து போடலாம். மூன்றாவது வாரம் குளித்துவிட்டு வெளியே வரும்போதே "எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று ஓடிவந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

என் பிள்ளை எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிடுகிறது. அடுத்த வகுப்புப் புத்தகத்துக்குப் போகலாமா?

போகலாம், முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன் முடித்த பத்துக் கணக்கைக் கலந்து ஒரு தாளில் கொடுங்கள், முன்னறிவிப்பு இல்லாமல். ஒன்பது வந்தால், முதன்மைப் புத்தகத்தை வேகமாக நகர்த்துங்கள், துணைப் புத்தகத்தின் கைப்பழக்கப் பக்கங்களை முழுக்க விட்டுவிட்டுச் சவால் பக்கங்களுக்குப் போங்கள். ஐந்து ஆறுதான் வந்தது என்றால் இத்தனை நாள் முடிந்தது பக்கம் மட்டும்தான், அங்கே கொஞ்சம் நின்று போங்கள்.

இரண்டு பிள்ளைகள், இரண்டு வகுப்பு. எப்படிச் சமாளிப்பது?

ஒருவருக்குப் பாடம் நடத்தும்போது மற்றவர் துணைப் புத்தகத்தில் இருக்கட்டும். துணைப் புத்தகம் பின்னால் வருவதால் கிடைக்கும் பெரிய வசதி இது: ஏற்கெனவே கற்றதுதான் அதில் இருக்கும், பிள்ளையால் தனியாகப் போட முடியும், பத்து நிமிடத்துக்கு உங்களைக் கூப்பிடாது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் புத்தகம் போதிய அளவு பின்னால் இல்லை என்று அர்த்தம்.

புத்தகத்தைப் பார்த்தாலே அழுகிறது. என்ன செய்ய?

ஒரு வாரம் கண்ணில் படாமல் எடுத்துவையுங்கள். முதன்மைப் பாடம் மட்டும் நடக்கட்டும். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: கணக்கு கடினம், எழுதுவது அதிகம், அல்லது எப்போது முடியும் என்று தெரியவில்லை. முதலாவது என்றால் இன்னும் ஆறு மாதம் பின்னால் போங்கள். எழுத்து அதிகம் என்றால் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சின்ன வயதில் இதில் ஒரு தவறும் இல்லை. முடிவு தெரியாததுதான் பிரச்சினை என்றால், எந்தக் கணக்கு வரை என்று போடுவதற்கு முன்பே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்காட்டுங்கள், அந்தக் கோட்டை நீங்களும் மீறாதீர்கள். சில நாள் "இந்தப் பக்கத்தில் உனக்குப் பிடித்த ஐந்து" என்று பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். எதை விடுகிறது என்று பார்த்தாலே அது எதற்குப் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

காய்ச்சல், பயணம் என்று ஒரு மாதம் விட்டுப்போனது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

விட்ட பக்கங்களை ஈடுகட்ட நாளைக்கு இரட்டிப்பு என்று மட்டும் போகாதீர்கள். முதன்மைப் புத்தகத்தைத் தொடாமல், முதல் வாரம் துணைப் புத்தகத்தில் விட்டுவைத்த இரட்டைப்படைக் கணக்குகளை மட்டும் போடுங்கள். எது மறந்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று மூன்று நாளில் தெரிந்துவிடும். மறந்ததை மட்டும் மறுபடி தொட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்து போகலாம். ஒருமுறை நன்றாகக் கற்றது இரண்டாம் முறை வேகமாகத் திரும்பிவருகிறது, பயப்படவேண்டியதில்லை. நீண்ட விடுமுறைக்கும் இதே வழிதான், வாரத்துக்கு இரண்டு நாள் 10 நிமிடம் இருந்தால் அந்த முதல் வாரமும் தேவைப்படாது.

வருடம் முடிந்துவிட்டது, புத்தகம் முடியவில்லை. என்ன செய்வது?

எத்தனை பக்கம் மிச்சம் என்று எண்ணுவதற்கு முன்னால் மிச்சம் இருப்பது என்ன என்று புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு நன்றாக வரும் பகுதி என்றால் விட்டுவிடுங்கள். ஒரு தலைப்பையே முழுக்கத் தொடவில்லை, உதாரணமாகப் பின்னம் முழுவதும் கிடக்கிறது என்றால் அது வேறு விஷயம். முதன்மைப் புத்தகத்தில் பின்னம் எப்படிப் போனது என்று பாருங்கள், மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளை என்றால் அந்தப் பக்கங்கள் கட்டாயம் வேண்டும். அப்படி வேண்டியவற்றை மட்டும் கத்தரித்து ஒரு உறையில் போட்டு, மேலே தலைப்பு எழுதாமல் கலைத்து வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் முதல் மூன்று வாரம் புதுத் துணைப் புத்தகத்தைத் திறக்கமாட்டீர்கள் அல்லவா, அப்போது தினமும் அந்த உறையிலிருந்து ஒரு தாள் எடுத்துக்கொள்ளலாம்.